புருஷன் பெண்டாட்டி சிக்கல் கதைகள்: எதை எதோடு வைத்துப் படிப்பது?

பாம்பன்_வாசிப்பு

வணக்கம். பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் பக்கத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் மாதம் ஒருமுறை கூடிக் கதை படிக்கிறோம். அடுத்த கூட்டத்துக்கு எடுத்திருக்கும் விஷயம், இருபதாம் நூற்றாண்டுச் சிறுகதைகளில் தாம்பத்தியச் சிக்கல். தமிழ்க் கதை ஒன்று, வெளியே இருந்து ஒன்று, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டும். நேரம் ஒன்றரை மணி. பாதிப் பேருக்கு இங்கிலீஷ் வாசிப்பு வராது.

இதுவரை போட்ட பட்டியல்: புதுமைப்பித்தனின் பொன்னகரம், செல்லம்மாள், சாப விமோசனம், கு.ப.ரா.வின் சிறிது வெளிச்சம், லா.ச.ரா.வின் பாற்கடல். வெளியே இருந்து கேட் ஷோப்பினின் ஒரு மணி நேரத்தின் கதை, கில்மனின் மஞ்சள் சுவர்த்தாள், செகாவின் நாய்க்காரச் சீமாட்டி, லாரன்சின் சாமந்திப் பூ வாசனை, தாகூரின் மனைவியின் கடிதம்.

இதில் எது எதோடு சேரும்? இன்னொன்று, இந்த மாதிரிக் கதை எடுத்தாலே அரை மணியில் 'தப்பு அவன் மேலா இவள் மேலா' என்று ஊர்ப் பஞ்சாயத்தாகி விடுகிறது. அதை எப்படித் தடுப்பது?

கடலாடி

தம்பி, முதலில் பட்டியலில் மூன்றை அடித்துவிடுங்கள். ஷோப்பின் கதை 1894, கில்மன் 1892, செகாவ் 1899. மூன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு. நல்ல கதைகள்தான், ஆனால் கூட்டத்தில் யாராவது ஒருவர் ஆண்டைக் கேட்டுவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுவிடும்.

அடுத்தது, இணை சேர்க்கும் விதம். 'இரண்டிலும் கணவன் கொடுமைக்காரன்' என்று சேர்த்தால் பஞ்சாயத்துதான் வரும். இரண்டு கதையிலும் ஒரே மாதிரி நடக்கும் ஒரு காரியத்தைப் பிடியுங்கள். அந்த வகையில் செல்லம்மாளையும் லாரன்சையும் விட்டால் வேறு ஜோடி வேண்டாம். இரண்டிலும் ஒருவர் செத்துக் கிடக்கிறார். இரண்டிலும் உயிரோடிருக்கும் துணை அந்த உடம்பைக் குளிப்பாட்டுகிறது. அங்கே சுரங்கத் தொழிலாளியின் மனைவி எலிசபெத்தும் அவள் மாமியாரும். இங்கே ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பிரமநாயகம் பிள்ளை.

முதலில் பார்க்க வேண்டியது சாவு எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்பது. புதுமைப்பித்தன் முதல் வரியிலேயே செல்லம்மாளின் மூச்சை அடக்கிவிட்டுத்தான் பின்னால் போகிறார். இனி என்ன ஆகும் என்ற கேள்விக்கே இடமில்லை. எப்படி வாழ்ந்தார்கள் என்பது மட்டும் மிச்சம். லாரன்ஸ் நேர்மாறு. சாயங்காலம் ஆகிறது, இருட்டுகிறது, புருஷன் வரவில்லை. குடிக்கப் போயிருப்பான் என்று அவள் பொருமுகிறாள். கடிகாரம் திரும்பத் திரும்ப வருகிறது. படிக்கும்போது அந்த நேரங்களை ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொண்டே போகச் சொல்லுங்கள். கோபம் எந்த இடத்தில் பயமாகத் திரும்புகிறது என்று தானாகத் தெரியும். படகு வரும் நேரம் தப்பினால் கரையில் நிற்பவர்களுக்கு என்ன ஆகும் என்று தெரிந்த உங்கள் ஆட்களுக்கு இந்தப் பகுதிக்கு விளக்கமே தேவைப்படாது.

இரண்டாவது, குளிப்பாட்டும் இடம். எலிசபெத்தின் புருஷன் மண் சரிந்து உள்ளே அடைபட்டு மூச்சுத் திணறிச் செத்தவன், உடம்பில் காயமில்லை. அந்த உடம்பைத் துடைக்கும்போதுதான் எலிசபெத்துக்கு உறைக்கிறது, இத்தனை வருஷம் இந்த ஆளை நாம் பார்த்ததே இல்லை, நம் மனசிலிருந்த வேறு எவனோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்று. வயிற்றில் அவன் குழந்தை வேறு. பிரமநாயகம் பிள்ளைக்கு இப்படி ஒரு ஞானோதயம் வருவதில்லை, வரவேண்டியதுமில்லை. செல்லம்மாளின் ஒவ்வொரு முனகலும் அவருக்கு அத்துப்படி. அவர் துக்கத்தோடு கூட ஒரு இளைப்பாறலும் இருக்கிறது. அதைச் சிலர் கல்நெஞ்சு என்பார்கள். மாதக்கணக்கில் நோயாளியைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

மூன்றாவது, பொருள். லாரன்ஸ் கதையில் சாமந்தி மூன்று முறை அவர்கள் வாழ்க்கைக்குள் வந்ததை எலிசபெத்தே சொல்கிறாள்: கல்யாணத்தின்போது, மகள் பிறந்தபோது, அவனை முதல் தடவை குடிபோதையில் தூக்கி வந்தபோது சட்டைப் பொத்தானில். பிணத்தைத் தூக்கி வருகிறவர்கள் தட்டி அந்தப் பூச்சாடி கீழே விழுகிறது. செல்லம்மாளில் அந்த வேலையைப் புடவை செய்கிறது. கடையிலிருந்து கணவர் கொண்டுவரும் புடவையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை தனியாகக் கோடு போட்டுப் பாருங்கள். ஜவுளிக்கடைச் சிப்பந்தியின் சம்பளம், முதலாளியிடம் இருக்கும் பாக்கி, மனைவியின் ஆசை, எல்லாம் அந்தத் துணியில் முடிச்சுப் போட்டிருக்கும்.

கவனம்: லாரன்ஸ் இந்தக் கதையை 1911இல் பத்திரிகையில் வெளியிட்டு, 1914இல் தொகுப்பில் சேர்க்கும்போது முடிவுப் பகுதியைத் திருத்தினார். தொகுப்பில் உள்ள வடிவத்தையே எடுங்கள். நீளமும் அதிகம், ஏழாயிரம் சொல்லைத் தாண்டும். கூட்டத்தில் முழுதும் படிக்க முடியாது.

தொண்டி

கடலாடி ஐயா சொல்வதில் எனக்கு ஒரு தகராறு. செல்லம்மாள் எப்படித் 'தாம்பத்தியச் சிக்கல்' ஆகும்? அந்த இரண்டு பேருக்குள் ஒரு பிணக்கும் கிடையாது. நோய், சம்பளம், பட்டணம், ஊருக்குப் போக முடியாத ஏக்கம், இவைதான் சிக்கல்.

உண்மையான பிணக்கு வேண்டுமென்றால் அந்தப் பெயரிலேயே கதை இருக்கிறது, ஜெயகாந்தனின் பிணக்கு. காலமெல்லாம் குடும்பம் நடத்திக் கிழமான பிறகு, எப்போதோ தாசி வீட்டுக்குப் போன பழங்கதையைக் கிழவர் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறார். கிழவி பேச்சை நிறுத்துகிறாள். அதோடு அசோகமித்திரனின் விமோசனத்தைச் சேருங்கள். அங்கே அடிக்கிற கணவனை மனைவி ஒரே ஒரு தடவை அதட்டுகிறாள். அன்றிலிருந்து அவன் பேசுவதில்லை. ஒன்றில் ஆண் பேசிக் கெடுக்கிறான், பெண் வாயடைக்கிறாள். மற்றதில் பெண் பேசுகிறாள், ஆண் வாயடைக்கிறான். இரண்டிலும் சத்தம் கொஞ்சம்தான், தண்டனை முழுக்க மௌனம். வெளிக்கதை கட்டாயம் என்றில்லாவிட்டால் இதைவிடக் கச்சிதமான ஜோடி கிடைக்காது.

இதில் வழக்கமாக வழுக்கும் இடம்: விமோசனத்தில் மனைவி சரஸ்வதி பின்னால் அவனிடம் மன்னிப்புக்குத் தவிப்பதைப் பார்த்து 'பலவீனமான பெண்' என்று முடித்துவிடுவார்கள். அவன் பேசாமல் போனால் கைக்குழந்தையோடு அவள் எங்கே போவாள் என்ற கணக்கை எழுதிப் பார்த்தால் அந்தத் தவிப்பு வேறாகத் தெரியும்.

புத்தகம் தேடும்போது பெயர்க் குழப்பம் வரும், சொல்லிவிடுகிறேன். விமோசனம் அசோகமித்திரனுடையது. சாப விமோசனம் புதுமைப்பித்தனுடையது, 1943. புதுமைப்பித்தன் அதே அகலிகையை வைத்து அகல்யை என்று முன்னாலேயே இன்னொரு கதையும் எழுதியிருக்கிறார். மூன்றும் வேறு வேறு.

கடலாடி

தொண்டிக்காரர் கேட்டது சரியான கேள்வி, அதனால்தான் அந்த ஜோடியைச் சொன்னேன். சிக்கல் இரண்டு ஆளுக்கு உள்ளே இருக்கிறதா, வெளியிலிருந்து வீட்டுக்குள் வருகிறதா? லாரன்சில் வறுமை இருக்கிறது, ஆனால் கதை அதைத் தாண்டி இரண்டு மனுஷருக்கு நடுவே போய் நிற்கிறது. செல்லம்மாளில் இரண்டு மனுஷரும் ஒட்டித்தான் இருக்கிறார்கள், ஆனால் தாம்பத்தியம் என்று சொல்ல மிஞ்சுவது வைத்தியரும் கஞ்சியும் கடனும்தான். ஒன்றை மட்டும் வைத்துப் பேசினால் இந்த வித்தியாசம் கண்ணில் படாது.

வெளியே இருந்து வரும் சிக்கலுக்கு இன்னும் கூர்மையான உதாரணம் பொன்னகரம், 1934. முருகேசன் ஜட்கா வண்டிக்காரன், விழுந்து அடிபட்டுக் கிடக்கிறான். அவனுக்குப் பால் கஞ்சிக்கு வேண்டிய முக்கால் ரூபாயை அம்மாளு எப்படிச் சம்பாதித்தாள் என்பதுதான் கதை. உரக்கப் படித்தால் பத்து நிமிடத்துக்குள் முடியும். ஆனால் இதை முதலில் படிக்காதீர்கள். கடைசி வரிகளில் ஆசிரியரே வாசகரைப் பார்த்துக் கத்திவிடுவதால் கூட்டம் கற்பு விவாதத்துக்குத் தாவிவிடும், பிறகு இழுத்து வர முடியாது.

கீழக்கரை_லாத்தா

தாகூர் கதையைப் பற்றி யாரும் பேசவில்லையே. அதற்கு ஜோடி பாற்கடல்தான், சந்தேகமே வேண்டாம். இரண்டும் மனைவி கணவனுக்கு எழுதும் கடிதம். இரண்டிலும் கணவன் பதில் சொல்வதில்லை, கதைக்குள் வருவதே அவள் எழுதுவதால்தான்.

தாகூரின் கதை 1914இல் வந்தது. மிருணாளுக்குக் கல்யாணமாகிப் பதினைந்து வருஷம். பூரிக்கு யாத்திரை போன இடத்திலிருந்து, இனித் திரும்பி வர மாட்டேன் என்று எழுதுகிறாள். கவனியுங்கள், அவளை யாரும் அடிக்கவில்லை, சோற்றுக்கும் துணிக்கும் குறைவில்லை. அதை அவளே எழுதுகிறாள். அவளை வெளியே தள்ளியது பிந்து என்ற பெண்ணுக்கு அந்த வீடு செய்தது: ஒண்ட வந்த அனாதைப் பெண், பைத்தியக்காரனுக்குக் கட்டிக்கொடுக்கப்பட்டு, ஓடி வந்து, மறுபடியும் அனுப்பப்பட்டு, கடைசியில் தன் மேல் தீ வைத்துக்கொள்கிறாள். தாம்பத்தியம் முறிவது தம்பதிக்குள் நடந்த எதனாலும் இல்லை, மூன்றாவது ஒரு ஆளால். இந்தக் காலத்துக் கதைகளில் இது அபூர்வம்.

பாற்கடலில் ஜகதா புதுப்பெண். தலை தீபாவளிக்குக் கணவன் ஊரில் இல்லை. கூட்டுக் குடும்பத்துக்குள் தனியாக இருந்து எழுதுகிறாள். கோபம் இருக்கிறது, நையாண்டி இருக்கிறது, ஆனால் கொஞ்சம் கொஞ்சமாக அவள் கண் கணவனை விட்டு மாமியார் மேலும் அந்த வீட்டின் மேலும் போய்விடுகிறது. தலைப்பிலேயே இருக்கிறதே, கடைந்தால் விஷமும் வரும் அமுதமும் வரும்.

தவறு நடக்கும் இடம்: 'மிருணாள் புரட்சிக்காரி, ஜகதா அடிமை' என்று ஐந்து நிமிடத்தில் தீர்ப்பு எழுதிவிடுவார்கள். பதினைந்து வருஷம் ஆனவளையும் முதல் வருஷத்தில் இருப்பவளையும் ஒரே தராசில் போட முடியாது. அதற்குப் பதிலாக இரண்டு கடிதத்தின் முதல் வரியையும் கடைசிக் கையொப்பத்தையும் தனியே எடுத்து உரக்கப் படியுங்கள். இரண்டு பேரும் மரபான வணக்கத்தில்தான் தொடங்குகிறார்கள். முடிக்கும்போது அந்த மரியாதை எங்கே போயிருக்கிறது என்று கேளுங்கள்.

இன்னொன்று நம் கரைக்கு மட்டுமே உள்ளது. இந்தக் கதைகள் எல்லாம் பெண் புருஷன் வீட்டுக்குப் போவதை இயல்பாக எடுத்துக்கொள்கின்றன. கீழக்கரையில் எங்கள் ஜனங்களிடம் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார், மகளுக்கு வீடு கொடுப்பது வழக்கம். அதனால் இங்கே படித்தால் முதல் கேள்வியே 'ஏன் அவள் தன் வீட்டில் இல்லை?' என்றுதான் வரும். அதை அறியாமை என்று தள்ளாதீர்கள். ஒவ்வொரு கதைக்கும் அதையே கேளுங்கள்: வீடு யாருடையது? தாகூரில் கணவன் குடும்பத்துடையது, அதனால்தான் பிந்துவை வைத்துக்கொள்ள மிருணாளுக்கு உரிமையில்லை. பாற்கடலில் மாமியாருடைய ராஜ்யம். செல்லம்மாளில் பட்டணத்துக் குடித்தனம், உறவு எல்லாம் ஐந்நூறு மைலுக்கு அப்பால். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் கூட்டம் ஓடிவிடும்.

பெயர் எச்சரிக்கை ஒன்று என்னிடமும் இருக்கிறது. லா.ச.ரா. பாற்கடல் என்ற பெயரில் தன் வரலாற்று நூல் ஒன்றும் எழுதியிருக்கிறார். கடையில் பெயரை மட்டும் சொன்னால் அதை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். சிறுகதைத் தொகுப்பு என்று கேட்டு வாங்குங்கள்.

உச்சிப்புளி

சிறிது வெளிச்சத்துக்கு ஒரு ஜோடி தருகிறேன்: சூசன் கிளாஸ்பெல் என்ற அமெரிக்க எழுத்தாளரின் கதை, 1917. தலைப்பைத் தமிழில் 'அவளை ஒத்தவர்களின் தீர்ப்பு' என்று சொல்லலாம். இரண்டிலும் அடுத்தவர் தாம்பத்தியத்தை வெளியாள் பார்க்கிறார். கு.ப.ரா. கதையில் அதே வீட்டில் குடியிருக்கும் ஒரு ஆண், இரவில் அடியும் அழுகையும் கேட்டுக் குறுக்கே போகிறான். கிளாஸ்பெல் கதையில் புருஷன் கழுத்தில் கயிறு இறுகிச் செத்துக் கிடந்த வீட்டுக்கு அதிகாரிகளோடு இரண்டு பெண்கள் வருகிறார்கள். ஆண்கள் மாடியிலும் கொட்டகையிலும் தடயம் தேட, பெண்கள் சமையலறையிலேயே கண்டுபிடித்துவிடுகிறார்கள்: பாதியில் விட்ட வேலை, தையல் திடீரென்று கோணிப்போன ஒட்டுத்துணி, கதவு பிய்ந்த கூண்டு, தையல் பெட்டிக்குள் கழுத்து திருகிய குருவி. ஆசிரியர் நிருபராக இருந்தபோது செய்தி எழுதிய ஒரு நிஜக் கொலை வழக்கிலிருந்து பிறந்த கதை இது.

இங்கே பேச வேண்டியது சாட்சியின் நம்பகம். சிறிது வெளிச்சத்தின் கதைசொல்லி நடுநிலையாளன் இல்லை, அவனுக்கே அடிபடும் மனைவி சாவித்திரி மேல் ஈர்ப்பு வருகிறது. அவள் துயரத்தை அவன் சொல்லித்தான் நாம் கேட்கிறோம் என்பதை மறந்து படித்தால் பாதிக் கதை போய்விடும். கிளாஸ்பெல்லில் அந்த மனைவி கதைக்குள் வரவே மாட்டாள், சிறையில் இருக்கிறாள். சாட்சிகள் அவள் மாதிரியே சமையலறையில் காலம் கழித்தவர்கள். அவர்களும் நடுநிலை இல்லை, கடைசியில் தடயத்தையே மறைக்கிறார்கள்.

பஞ்சாயத்தைத் தடுக்க ஒரு வழி. ஆளுக்கு ஒரு தாள் கொடுத்து, கதைக்கு ஒரு வரிசை போட்டு நாலு கட்டம் வரையச் சொல்லுங்கள்: யார் பார்வையில் சொல்லப்படுகிறது, பணம் எந்த இடத்தில் வருகிறது, லாத்தா சொன்ன மாதிரி வீடு யாருடையது, யாருக்குப் பேச வாய்ப்பே கிடைக்கவில்லை. ஒவ்வொரு கட்டத்துக்கும் கதையிலிருந்து ஓர் இடத்தைக் காட்ட வேண்டும், காட்ட முடியாவிட்டால் கட்டம் காலியாகவே இருக்கட்டும். முதல் நாற்பது நிமிடம் 'நல்லவன், கெட்டவள்' என்ற பேச்சே கூடாது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நாலாவது கட்டம் முக்கியம். அடிக்கிற கணவனுக்கும் சில கதைகளில் வாயே இல்லை என்பது அப்போதுதான் தெரியும்.

நேரம் இப்படிப் போகலாம். முதல் 15 நிமிடம் தமிழ்க் கதையின் தொடக்கமும் முடிவும் உரக்க வாசிப்பு; முழுக்கதை ஒரு வாரம் முன்பே கையில் போயிருக்க வேண்டும். அடுத்த 15 நிமிடம் வெளிக்கதையை ஒருவர் வாயால் சொல்வது, ஒரு காட்சியை மட்டும் தமிழில் எழுதிவந்து படிப்பது. பத்து நிமிடம் தாள் நிரப்ப. மிச்சம் 50 நிமிடம் பேச்சு. வெளிக்கதையின் நடை அழகு, சொல்லாட்சி பற்றிப் பேச வேண்டாம். அது மொழிபெயர்த்தவரின் நடை. நிகழ்ச்சி வரிசை, பார்வை, பொருள் இந்த மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

லாரன்ஸ், தாகூர், கிளாஸ்பெல் மூன்றும் பழைய எழுத்து, இணையத்தில் சட்டப்படி இலவசமாகக் கிடைக்கும். புதுமைப்பித்தன் எழுத்து நாட்டுடைமை. ஜெயகாந்தன், லா.ச.ரா., அசோகமித்திரன் கதைகளை நகலெடுத்து வாட்ஸாப்பில் சுற்றவிடாதீர்கள், நூலகத்தில் எடுங்கள்.

நாளையும் யோசியுங்கள். விசைப்படகு ஆட்கள் வர வேண்டுமென்றால் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்தான் தோது. மற்ற மாதங்களில் கடலுக்குப் போகும் நாளில் வைத்துவிட்டு 'ஆண்கள் யாரும் வரவில்லை' என்று சொல்லக்கூடாது. இந்தத் தலைப்புக்கு அவர்களும் இருக்க வேண்டும்.

பாம்பன்_வாசிப்பு

எல்லாருக்கும் நன்றி. செல்லம்மாளும் லாரன்சும் முதல் கூட்டத்துக்கு. அடுத்ததற்கு லாத்தா சொன்ன இரண்டு கடிதங்கள். நாலு கட்டத் தாள் இரண்டுக்கும் ஒன்றுதான். ஒரு சந்தேகம்: சாப விமோசனத்தை எங்கே வைப்பது? அதை விட மனசில்லை.

கடலாடி

அதை எதோடும் ஜோடி போடாதீர்கள், அதற்குள்ளேயே இரண்டு தம்பதி இருக்கிறார்கள். கோதமன் அகலிகை ஒரு பக்கம், ராமன் சீதை ஒரு பக்கம். தனிக் கூட்டமாக வையுங்கள். ராமாயணம் எல்லாருக்கும் தெரியும் என்பதால் கதைச்சுருக்கம் தேவையில்லை, அந்த நேரம் மிச்சம். வனவாசம் முடிந்து திரும்பிய சீதை, தன்னை நெருப்பில் இறங்கச் சொன்னதை அகலிகையிடம் சொல்லும் இடத்தை இரண்டு பெண்கள் மாறி மாறி வாசிக்கட்டும், நடுவில் யாரும் விளக்கம் சொல்ல வேண்டாம். அங்கேயே நிறுத்திவிடாமல் கோதமன் பகுதிக்கும் நேரம் ஒதுக்குங்கள். சாபம் கொடுத்தவன், தானும் புற்றுக்குள் கிடந்தவன், மனசு மாறி மறுபடி குடும்பம் நடத்த வருகிறான். மன்னிக்கத் தயாராக இருக்கும் கணவன் அருகில் இருந்தும் அவள் ஏன் மறுபடி கல்லாகிறாள் என்பதைத்தான் பெரும்பாலும் தாண்டிப் போய்விடுகிறார்கள்.